மயக்கம் என்னும் சொல்: பல்வலி, அச்சம், அமைதி குறித்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

என் அத்தைக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. சோழவந்தானுக்கு அருகே, வைகைக் கால்வாய்ப் பாசனத்தில் நெல்லும் வெற்றிலைக் கொடிக்காலுமாக இருக்கும் ஊர். கொடிக்காலில் பிறந்து கொடிக்காலில் வாழ்க்கைப்பட்டவர் வெற்றிலையை விட்டுவிட முடியுமா? கீழ்த்தாடைக் கடைவாய்ப்பல் ஒன்று சொத்தையாகி ஈராண்டுகள் அவரை வருத்திக்கொண்டிருந்தது. கிராம்புத் தைலம், உப்புநீர், கடையில் வாங்கும் வலி மாத்திரை என்று காலம் கடந்தது. கடைசியில் நானே மதுரைக்கு அழைத்து வந்து ஒரு பல் மருத்துவரிடம் காட்டினேன்.

நாற்காலியில் அமர்ந்ததும் அவருடைய கைகள் நடுங்கத் தொடங்கின. இரத்த அழுத்தம் எகிறியது. மருத்துவர் இளைஞர், பொறுமைசாலி. "பயப்படாதீங்கம்மா, வேணும்னா லேசா மயக்கம் குடுத்துச் செஞ்சிரலாம்" என்றார். கனிவாகத்தான் சொன்னார். ஆனால் 'மயக்கம்' என்ற சொல் காதில் விழுந்த கணமே அத்தை எழுந்துவிட்டார். வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே என்னிடம் கேட்டார்: "ஏய்யா, மயக்க ஊசியப் போட்டு நான் எந்திரிக்காமப் போயிட்டா? ஒரு பல்லுக்காகவா நான் சாகணும்?"

ஏழு வாரம் கழித்து அந்தப் பல்லின் வேரிலிருந்த சீழ் தாடைக்கு அடியில் பரவியது. கழுத்து வீங்கிற்று, நாக்கு மேலெழும்பி மூச்சு முட்டியது. 1836ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் விவரித்து, அவர் பெயராலேயே இன்றும் வழங்கும் நோய் அது. நள்ளிரவில் மருத்துவமனையில் சேர்த்து, முழு மயக்கத்தில் கழுத்தைக் கீறிச் சீழை வடித்தார்கள். அரைமணி நேரச் சிறு மயக்கத்துக்கு அஞ்சி ஓடியவர், அதனினும் பன்மடங்கு ஆபத்தான பெருமயக்கத்தில் விழுந்தார். பதினொரு நாள் கழித்து வீடு திரும்பினார்.

அந்தப் பதினொரு நாளும் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தபோது என் மனத்தில் ஓடிய கேள்வி ஒன்றுதான். அவரை விரட்டியது ஊசியா, இடுக்கியா, அல்லது ஒரு சொல்லா? தமிழ் படித்தவன், தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில் அச்சொல்லின் பின்னால் போய்ப் பார்க்கத் தோன்றியது. போகப் போக, வலியை வென்ற வரலாறும் அச்சத்தை வென்ற வரலாறும் ஒன்றல்ல என்பது புலப்பட்டது. இரண்டும் பல் மருத்துவரின் நாற்காலியில்தான் தொடங்கின. ஆனால் முன்னது வெற்றி பெற்று நூறாண்டு ஆன பின்னரே பின்னது கவனம் பெற்றது.

* * *

அச்சம் என்னும் மெய்ப்பாடு

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அச்சத்தை வைக்கிறது. அது தோன்றும் இடங்கள் நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறை. இவ்விலக்கணத்தில் எனக்குப் பிடித்த செய்தி, அச்சம் இங்கே குற்றமாகச் சொல்லப்படவில்லை என்பது. அது 'மெய்ப்பாடு'. மெய்யில் படுவது, உடலில் தோன்றுவது. நடுக்கமும் வியர்வையும் வாய் உலர்தலும் கோழைத்தனத்தின் சான்றுகள் அல்ல. உடல் பேசும் மொழி. ஆனால் நம் வீடுகளில் பல்லுக்குப் பயப்படுபவரை நாம் எப்படி நடத்துகிறோம்? "இதுக்குப் போயா?" என்கிறோம். சிறுவனாக இருந்தால் இருவர் தோளை அழுத்திப் பிடிக்க மூன்றாமவர் வேலையை முடிக்கிறார். நாற்பது வயதைத் தாண்டிய பலர் இன்றும் பல் மருத்துவமனை வாசலை மிதிக்க மறுப்பதற்கு அந்தப் பிடித்த கைகளே காரணம்.

விழுந்த பால் பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிந்த தலைமுறையைச் சேர்ந்தவர்கள் நாம். ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் பல்லுக்கு உறுதியென்று பழமொழியாகக் கேட்டு வளர்ந்தோம். பல்லில் 'பூச்சி' விழுந்தால் கண்டங்கத்திரி விதையை நெருப்பிலிட்டு அப்புகையை வாயில் பிடிக்கும் வழக்கம் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இருந்தது. சொத்தைக்குக் காரணம் புழு என்னும் நம்பிக்கை தமிழருக்கு மட்டும் உரியதன்று. பழைய பாபிலோனிலும் அது உண்டு, ஐரோப்பாவிலும் உண்டு.

மயக்கம் தரும் பொருள்களும் நம்மவருக்குப் புதியவை அல்ல. கள்ளும் கஞ்சாவும் அபினும் ஊமத்தையும் ஊரறிந்தவை. ஆனால் ஊமத்தைக்கு இன்னொரு பக்கம் உண்டு. வழிப்போக்கருக்கு அதன் விதையை உணவில் கலந்து கொடுத்து உடைமைகளைக் கவர்ந்த கள்வரைப் பற்றி ஆங்கிலேயர் கால ஆவணங்கள் மீண்டும் மீண்டும் பேசுகின்றன. அந்தக் கதை முடிந்துவிடவில்லை. இரயிலில் மயக்க பிஸ்கட் கொடுத்து நகை பறிப்பு என்ற செய்தியை நாளிதழில் வாசிக்காத தமிழர் உண்டா? தொல்காப்பியர் எண்ணிய நால்வகையுள் கள்வர் இருக்கிறார்; அந்தக் கள்வரின் கையில் மயக்க மருந்தும் இருக்கிறது. ஆகவே மருத்துவர் 'மயக்கம்' என்று சொல்லும்போது என் அத்தையின் காதில் விழுந்தது மருத்துவச் சொல் அன்று. தன் நினைவைப் பிறர் கையில் ஒப்புக்கொடுத்துவிட்டுக் கிடப்பது என்னும் பழைய அச்சம் அது.

* * *

முதலில் அஞ்சியவர்

நைட்ரஸ் ஆக்சைடு என்னும் வாயுவை ஜோசஃப் பிரீஸ்ட்லி 1772இல் கண்டறிந்தார். அதைத் தானே முகர்ந்து பார்த்து ஆராய்ந்தவர் ஹம்ஃப்ரி டேவி. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், இருபது வயதை எட்டிய நிலையில் அவர் செய்த ஆய்வுகள் 1800இல் நூலாக வந்தன. அதில் நம் பொருளுக்கு நேரே பொருந்தும் ஒரு செய்தி இருக்கிறது. அறிவுப்பல் முளைக்கும்போது ஈறு வீங்கி வலியால் தவித்த டேவி, அந்த வாயுவை முகர்ந்ததும் வலி குறைந்ததைப் பதிவு செய்தார். அறுவை மருத்துவத்தில் இது பயன்படக்கூடும் என்றும் எழுதிவைத்தார். எவரும் பொருட்படுத்தவில்லை. அடுத்த நாற்பதாண்டுகள் அந்த வாயு வேடிக்கைக் காட்சிகளுக்கே பயன்பட்டது. முகர்ந்தவர் சிரித்தார், பார்த்தவரும் சிரித்தார். 'சிரிப்பூட்டும் வாயு' என்ற பெயரும் அப்படி நிலைத்தது.

1844 டிசம்பர் 10 அன்று அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் கோல்டன் என்பவர் நடத்திய அத்தகைய காட்சி ஒன்றுக்கு ஹொரேஸ் வெல்ஸ் என்னும் பல் மருத்துவர் போயிருந்தார். வாயுவை முகர்ந்த ஒருவர் ஓடித் திரிந்து காலில் அடிபட்டும் வலியை உணராமல் அமர்ந்திருந்ததை வெல்ஸ் கண்டார். மறுநாளே தம் கடைவாய்ப்பல்லை, கோல்டன் வாயு கொடுக்க, உடன்தொழில் செய்த ரிக்ஸ் என்பவரைக் கொண்டு பிடுங்கச் செய்தார். வலியில்லை. ஆனால் 1845 தொடக்கத்தில் பாஸ்டன் நகரில் மருத்துவ மாணவர் முன்னிலையில் செய்து காட்டியபோது நோயாளி கத்திவிட்டார். அரங்கம் எள்ளி நகையாடியது. அந்த அவமானத்திலிருந்து வெல்ஸ் மீளவேயில்லை. 1848 ஜனவரியில், 33 வயதில், நியூயார்க் சிறையில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். 1864இல் அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் வலிநீக்கத்தின் முன்னோடி என்று அவரை ஏற்றது. அதைக் காண அவர் இல்லை.

வெல்ஸின் முன்னாள் கூட்டாளி வில்லியம் மார்ட்டனும் பல் மருத்துவர்தாம். 1846 செப்டம்பர் 30 அன்று மாலை அவரிடம் ஈபன் ஃபிராஸ்ட் என்பவர் பல்வலியோடு வந்தார். பிடுங்குவதற்கு அஞ்சிய ஃபிராஸ்ட் தம்மை மெஸ்மெரிசத்தால் வசியப்படுத்திவிட முடியுமா என்று கேட்டார். அதைவிடச் சிறந்தது தம்மிடம் உண்டு என்று சொல்லி மார்ட்டன் கைக்குட்டையில் ஈதரை நனைத்து முகரச் செய்தார். பல் வந்துவிட்டது, வந்தது ஃபிராஸ்டுக்குத் தெரியவில்லை. அடுத்த மாதம் 16ஆம் நாள் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் அறுவை மருத்துவர் ஜான் காலின்ஸ் வாரன் முன்னிலையில் ஈதர் வெற்றி கண்டது. அந்நிலைக்கு 'அனஸ்தீசியா' என்னும் கிரேக்க மூலச் சொல்லைப் பரிந்துரைத்தவர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ், மருத்துவர், கவிஞரும்கூட. புதிய நிலை ஒன்று தோன்றியவுடன் அதற்குச் சொல் தேட ஓர் இலக்கியவாதி வேண்டியிருந்தது.

மருத்துவ வரலாற்று நூல்கள் அக்டோபர் 16ஐக் கொண்டாடுகின்றன. எனக்கோ செப்டம்பர் 30 மாலைதான் முக்கியமாகப் படுகிறது. ஃபிராஸ்ட் கேட்டது வலிநீக்கம் மட்டுமன்று. தம் அச்சத்துக்கு ஒரு மருந்து கேட்டார். மார்ட்டன் முதலாவதைக் கொடுத்தார். இரண்டாவது கேள்வி நெடுங்காலம் விடையின்றியே கிடந்தது.

* * *

கல்கத்தா, யாழ்ப்பாணம், மதுரை

ஃபிராஸ்ட் கேட்ட மெஸ்மெரிசம் அந்நேரத்தில் நம் நாட்டில்தான் பெரிய அளவில் நடந்துகொண்டிருந்தது. வங்காளத்தின் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் 1845 ஏப்ரல் முதல் நோயாளியின் உடல்மீது கைகளை மெல்ல வீசி வீசி ஒருவித உறக்கத்துக்குக் கொண்டுவந்து பெரிய கட்டிகளை அறுத்தார். 1846இல் கல்கத்தாவில் அவருக்குத் தனி மருத்துவமனையே கிடைத்தது. ஆனால் 1847 மார்ச் 22 அன்று கல்கத்தா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இந்தியாவின் முதல் ஈதர் மயக்கம் கொடுக்கப்பட்டது. பாஸ்டன் நிகழ்ச்சிக்கும் இதற்கும் இடைவெளி ஐந்து மாதந்தான். 1848 ஜனவரி 12 அன்று குளோரோஃபார்மும் வந்து சேர்ந்தது. மணிக்கணக்கில் கை வீச வேண்டிய முறை, நிமிடங்களில் வேலை செய்யும் ஆவியின் முன் நிற்க முடியவில்லை. நோயாளியோடு நெடுநேரம் அமர்ந்து அவனை அமைதிப்படுத்தும் பழக்கமும் அதனோடு போயிற்று.

மதுரைக்கு மேலை மருத்துவம் வந்தது இவை எல்லாவற்றுக்கும் முன்பே. யாழ்ப்பாணத்தில் இயங்கிய அமெரிக்க மிஷன் 1834இல் மதுரையில் தன் கிளையைத் தொடங்கியது. 1837இல் மருத்துவர் ஜான் ஸ்டீல் வந்து சேர்ந்தார், 1842இல் இறந்துபோனார். ஈதருக்கு முற்பட்ட அக்காலத்தில் அறுவை என்றால் விரைவு என்று பொருள். நோயாளியைப் பிடித்துக்கொள்ள ஆட்களும், தயங்காத கையும் இருந்தால் போதும் என்பது உலகம் முழுவதற்கும் பொதுவான நிலை. மதுரைக்கு மட்டும் விலக்கு ஏது?

யாழ்ப்பாணத்துக்கு 1847இல் வந்த சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் கதை வேறு. அவர் ஈதர் புகழ்பெற்ற அதே மாசசூசெட்ஸ் மாநிலத்தவர். மானிப்பாயில் தங்கி மருத்துவம் பார்த்ததோடு, மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க முடியும் என்று நம்பி நூல்களைத் தமிழாக்கினார். 'பிரசவ வைத்தியம்' 1857இல் வந்தது. அறுவை மருத்துவம் பற்றிய 'இரண வைத்தியம்' 1867இலும், 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும், வேதியியல் நூலான 'கெமிஸ்தம்' 1875இலும் வெளிவந்தன. கலைச்சொல்லுக்கு அவர் வகுத்துக்கொண்ட நெறி தெளிவானது: முதலில் தமிழில் தேடு, கிடைக்காவிடில் வடமொழியில் தேடு, அங்கும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு இசைத்துக்கொள். 'இரண வைத்தியம்' அச்சேறிய காலத்தில் குளோரோஃபார்ம் உலகின் அறுவைக்கூடங்களில் இருபதாண்டு பழகிய பொருளாகிவிட்டிருந்தது.

கிரீனை நான் இங்கே நினைப்பதற்குக் காரணம் உண்டு. சொல் சரியாக அமையாவிட்டால் மருத்துவம் மக்களிடம் போய்ச் சேராது என்பதை உணர்ந்து, அதற்காகத் தம் வாழ்நாளில் பாதியைச் செலவிட்டவர் அவர். அவருக்குப் பின் நூற்றைம்பது ஆண்டுகளில் எத்தனையோ கலைச்சொல் தொகுதிகள் வந்துவிட்டன. ஆனால் மருத்துவர் நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசும் இடத்தில் நம்மிடம் புழங்குவது இன்றும் ஒரே ஒரு சொல்தான்: மயக்கம்.

* * *

அச்சம் கொல்லுமா?

குளோரோஃபார்முக்கு ஓர் இருண்ட பக்கம் இருந்தது. 1848 ஜனவரி 28 அன்று இங்கிலாந்தில் நியூகாசிலுக்கு அருகே ஹானா கிரீனர் என்னும் பதினைந்து வயதுச் சிறுமி கால்விரல் நகத்தை எடுப்பதற்காகக் குளோரோஃபார்ம் கொடுக்கப்பட்ட சில நிமிடங்களில் இறந்தாள். பின்னர் இப்படிப் பல இறப்புகள். வியப்பு என்னவென்றால், பெரிய அறுவைகளில் மட்டுமன்றிப் பல் பிடுங்குதல் போன்ற சின்னஞ்சிறு வேலைகளிலும், மயக்கம் ஆழமாகும் முன்பே நல்ல உடல்நலத்தோடிருந்தவர்கள் இறந்தார்கள். மருந்தின் அளவே காரணம் என்றார் ஜான் ஸ்னோ. அச்சமே கொன்றது என்று வேறு சிலர் வாதிட்டனர்.

இந்த வழக்கின் மிகப் பெரிய விசாரணை நம் தக்காணத்தில் நடந்தது. ஐதராபாத் மருத்துவப் பள்ளியின் தலைவர் எட்வர்ட் லாரி, 1888இலும் 1889இலும் நிஜாமின் பொருளுதவியோடு இரு ஆய்வுக் குழுக்களை நடத்தினார். இரண்டாவது குழுவில் கலந்துகொள்ள லண்டனிலிருந்து லாடர் பிரண்டன் வந்தார்; லான்செட் இதழ் அவரை அனுப்ப 1,000 பவுண்டு நிஜாம் கொடுத்தது. இந்தியாவின் முதல் பெண் மயக்கவியல் மருத்துவராகக் கருதப்படும் ரூபா பாய் ஃபர்தூன்ஜி அந்தப் பள்ளியில் உருவானவரே. நாடியைப் பார்க்காதீர், மூச்சைப் பாருங்கள். குளோரோஃபார்ம் இதயத்தை நேரே நிறுத்துவதில்லை, மூச்சே முதலில் நிற்கிறது என்பது குழுவின் முடிபு.

மூச்சைக் கவனிக்கச் சொன்னது நல்ல அறிவுரை. இதயத்தைப் பற்றிச் சொன்னது பிழை. அதை 1911இல் காட்டியவர் குட்மன் லெவி. குளோரோஃபார்ம் மயக்கம் ஆழமாக இல்லாமல் மேலோட்டமாக இருக்கும் நிலையில் உடலில் அட்ரினலின் பெருகினால் இதயம் ஒழுங்கிழந்து துடிதுடித்து நின்றுவிடும் என்பதைப் பூனைகளில் நிறுவினார். அட்ரினலின் என்பது வேறொன்றுமில்லை, அச்சத்தில் நம் உடலே சுரப்பது. ஆக, 'அச்சம் கொன்றது' என்றவர்களும் 'மருந்து கொன்றது' என்றவர்களும் ஆளுக்குப் பாதி உண்மையைப் பிடித்திருந்தார்கள். அரைகுறை மயக்கத்தில் நடுநடுங்கிக்கொண்டு நாற்காலியில் கிடந்தவரின் உடலில் இரண்டும் சந்தித்தன. அச்சம் மெய்ப்பாடு என்று நம் இலக்கணம் சொன்னது வெறும் உவமையன்று.

* * *

வலி போயிற்று, அச்சம் போகவில்லை

1884இல் வியன்னாவில் கார்ல் கோலர் கோகெய்னைக் கண்ணில் இட்டு மரக்கச் செய்தார். அவ்வாண்டே நியூயார்க்கில் ஹால்ஸ்டெட் கீழ்த்தாடை நரம்பினருகே அதை ஊசியாகச் செலுத்திக் காட்டினார். பழக்க அடிமைத்தனம் கோகெய்னின் சாபம். ஹால்ஸ்டெட்டே அதற்குப் பலியானார். 1900களின் தொடக்கத்தில் ஐன்ஹார்ன் உருவாக்கிய நோவோகெய்ன் அந்தச் சாபத்தை நீக்கியது. 1943இல் ஸ்வீடனின் லோஃப்கிரன் உருவாக்கிய லிக்னோகெய்ன் இன்னும் நிலைத்தது. நம்மூர்ப் பல் மருத்துவமனையில் 'ஜைலோகெய்ன்' என்று கேட்கும் பெயர் அதுதான்.

அதே காலத்தில் நம் நாட்டில் பல் மருத்துவம் ஒரு படிப்பாக வளர்ந்தது. 1920இல் கல்கத்தாவில் ரஃபியுதீன் அகமது முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். 1948இல் பல் மருத்துவர் சட்டம் வந்தது. 1953இல் சென்னையில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி உருவாயிற்று. நடைபாதையில் விரிப்பின்மேல் இடுக்கிகளையும் பொய்ப்பற்களையும் பரப்பி வைத்திருந்தவர்கள் மெல்ல மறைந்தார்கள். ஊசி போட்டால் வலி இல்லை என்ற நிலை வந்துவிட்டது. இனி அச்சம் எதற்கு?

ஆனால் அச்சம் குறையவில்லை. ஊசியே அச்சத்தின் பொருளாகிவிட்டது. துளைக்கும் கருவியின் கீச்சொலி, கிராம்பும் மருந்தும் கலந்த வாசம், வாயைத் திறந்தபடி பேச முடியாமல் கிடக்கும் நிலை. வலியை நீக்கும் மருந்து இவற்றில் எதையும் நீக்குவதில்லை. 1969இல் நார்மன் கோரா என்னும் உளவியலாளர் இந்த அச்சத்தை அளக்க நான்கே வினாக்களைக் கொண்ட ஓர் அளவுகோலை வகுத்தார். நாளை மருத்துவரிடம் போக வேண்டும் என்றால் இன்று எப்படி இருக்கிறது? காத்திருக்கும்போது எப்படி இருக்கிறது? இவ்வாறான வினாக்கள். குறைந்த மதிப்பெண் 4, மிகுதியானது 20. அச்சத்தை நையாண்டி செய்யாமல், காய்ச்சலை அளப்பதுபோல் அளக்கத் துணிந்ததே அதன் சிறப்பு.

அச்சத்துக்கு மருந்து என்ற எண்ணம் உருப்பெற்றது 1945ஐ ஒட்டி. கலிஃபோர்னியாவின் லோமா லிண்டாவில் நீல்ஸ் யோர்கன்சன் என்னும் டேனிய வழிப் பல் மருத்துவர், நோயாளியை உறங்க வைக்காமல், அமைதிப்படுத்தும் அளவுக்கு மட்டும் நரம்பு வழியாக மருந்து செலுத்தி, அதன்பின் மரக்கும் ஊசியும் போட்டு வேலை செய்யும் முறையை உருவாக்கினார். ஹாரி லாங்கா என்பவர் வெல்ஸின் பழைய வாயுவையே மிகுந்த ஆக்சிஜனுடன் கலந்து, மெல்ல மெல்ல அளவு கூட்டும் முறையைப் பரப்பினார். வெல்ஸ் தோற்ற இடத்தில் அதே வாயு நூறாண்டு கழித்து வேறொரு நோக்கத்தோடு வென்றது. 1963இல் டயசெபாம், அதன் பின்னர் மிடாசொலாம் என்னும் மருந்துகள் வந்தன. பின்னது விரைவில் வேலை செய்யும், விரைவில் நீங்கும். அந்த நேரத்து நினைவையும் பெரும்பாலும் அழித்துவிடும்.

பாதுகாப்பு எளிதில் வந்துவிடவில்லை. மிடாசொலாம் பயன்பாட்டுக்கு வந்த தொடக்க ஆண்டுகளில் மூச்சு ஒடுங்கி இறந்தவர்கள் உண்டு. அளவும் கண்காணிப்பும் அதன் பின்னரே கடுமையாயின. 1974இல் ஜப்பானின் அவோயாகி உருவாக்கிய முறையிலிருந்து வளர்ந்த விரல்நுனிக் கருவி, கொரோனாவுக்குப் பின் நம் வீடுகளிலெல்லாம் இருப்பது, இரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதை உடனே காட்டியது. ஐதராபாத் குழு கண்ணால் பார்க்கச் சொன்ன மூச்சுக்கு இதனால் இன்னொரு காவலும் கிடைத்தது. மறுபுறம், பல் மருத்துவ அறைகளில் முழு மயக்கம் கொடுத்ததால் நேர்ந்த இறப்புகளைக் கண்ட பிரிட்டன், 2001இன் இறுதியோடு அதை மருத்துவமனைகளுக்கு வெளியே நிறுத்திவிட்டது. முழு மயக்கம் வேறு, அமைதிநிலை வேறு என்ற எல்லைக்கோடு அங்கே சட்டமாகவே வரையப்பட்டது.

* * *

இரண்டும் கலந்து நிற்பது

நம் பேச்சுத் தமிழில் அந்தக் கோடு இல்லை. ஈறு மரத்துப்போகப் போடும் ஊசியும் 'மயக்க ஊசி'. விழித்தபடியே அமைதியாகக் கிடக்கச் செய்யும் மருந்தும் 'மயக்கம்'. நினைவே இல்லாமல், மூச்சுக்குக் குழாயிட்டுச் செய்யும் அறுவைக்கும் 'மயக்கம்'. மூன்றின் ஆபத்தும் வெவ்வேறு, பெயர் ஒன்று. மூன்றாவதைப் பற்றிய அச்சம் முதலிரண்டின் மீதும் படிந்துவிடுகிறது. என் அத்தை எழுந்து ஓடியது அதனால்தான்.

அமைதிநிலையில் என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாயு முறையில் மூக்கின்மேல் ஒரு சிறு கவசம். அதன் வழியே நைட்ரஸ் ஆக்சைடும் ஆக்சிஜனும் கலந்து வரும். ஆக்சிஜன் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகாதபடி கருவியே தடுத்துவிடும். நோயாளி கேட்ட கேள்விக்கு விடை சொல்வார். வாயைத் திறக்கச் சொன்னால் திறப்பார். முடிந்ததும் சில நிமிடம் தூய ஆக்சிஜன் கொடுத்தால் தெளிந்துவிடும். நரம்பு வழி முறையில் தெளிவதற்கு நேரம் பிடிக்கும். உடன் ஒருவர் வந்திருக்க வேண்டும். அன்று வண்டி ஓட்டக் கூடாது. இரண்டிலும் மரக்கும் ஊசி தனியே போட்டாக வேண்டும், ஏனெனில் அமைதி என்பது வலிநீக்கம் அன்று. மூச்சு நோய், பிற மருந்துகள், கருவுற்றிருத்தல் முதலியவற்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பயிற்சி பெற்ற ஒருவர் தொடக்கம் முதல் இறுதிவரை மூச்சையும் ஆக்சிஜனையும் கவனித்துக்கொண்டே இருப்பது இன்றியமையாதது. இவை கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை. அஞ்சி ஓட வேண்டியவை அல்ல.

இதற்கு என்ன பெயர் சூட்டலாம்? 'அமைதிநிலை' என்று நான் எழுதி வருகிறேன். எனினும் வகுப்பறையில் எழுத்ததிகாரம் நடத்திக்கொண்டிருந்த ஒரு நாள், 'மயக்கம்' என்ற சொல்லைத் தள்ளிவிட வேண்டியதில்லையோ என்றும் தோன்றியது. இலக்கணத்தில் மயக்கம் என்றால் நினைவிழப்பு அன்று, கலத்தல். மெய்ம்மயக்கத்தில் இரண்டு மெய்யெழுத்துகள் அடுத்தடுத்து நிற்கின்றன. இரண்டில் எதுவும் அழிவதில்லை. திணைமயக்கத்தில் ஒரு நிலத்துக்குரியது இன்னொரு நிலத்தில் வந்து சேர்கிறது. இரு நிலமும் அடையாளம் இழப்பதில்லை. விழிப்பும் உறக்கமும் ஒன்றில் ஒன்று கலந்து, விழிப்பு அழியாமலேயே அச்சம் மட்டும் அடங்கி நிற்கும் நிலைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேறெங்கே கிடைக்கும்? நாம் மறந்தது சொல்லை அல்ல, அதன் பழைய பொருளை.

கிரீன் இருந்திருந்தால் முதலில் தமிழில் தேடியிருப்பார். இங்கேயே கண்டிருப்பார்.

* * *

கழுத்துக் காயம் ஆறிய ஆறு மாதத்தில் அத்தைக்கு இன்னும் மூன்று பற்களை எடுக்க வேண்டியிருந்தது. இம்முறை மருத்துவரிடம் நான் முன்னதாகவே பேசிவிட்டேன். அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அத்தையிடம் எதையும் மறைக்கவில்லை. மூக்கில் என்ன வைப்பார்கள், எப்படி இருக்கும், பேச்சு இருக்கும், நினைவு இருக்கும், வேண்டாம் என்று கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவார்கள், நான் அருகிலேயே இருப்பேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். நெடுநேரம் யோசித்தார். "நெனவு இருக்கும்ல?" என்று மட்டும் மறுபடி கேட்டுக்கொண்டார்.

அரைமணி நேரத்தில் முடிந்தது. இடையில் ஒருமுறை எதற்கோ அவர் முகத்தில் சிரிப்பு வந்துபோனதைப் பார்த்தேன். எண்வகை மெய்ப்பாட்டில் முதலாவது நகை அல்லவா! வெளியே வந்து காரில் அமர்ந்ததும், வாயில் பஞ்சை வைத்துக் கடித்தபடியே, குழறிக் குழறிச் சொன்னார்:

"இதுக்காய்யா அன்னிக்கு ஓடுனேன்? போற வழியில மாசி வீதியில நிப்பாட்டு. வெத்தல ஒரலு ஒண்ணு வாங்கணும்."

வெற்றிலையை இனி விட்டுவிடும்படி மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதற்கு அஞ்ச வேண்டும் என்று மட்டும் அவருக்கு இன்றுவரை தோன்றவில்லை.